நீரிழிவுச் சிக்கல்களுக்கான முன்கண்டறிதல் சோதனை

நீரிழிவுச் சிக்கல்களுக்கான முன்கண்டறிதல் சோதனை என்பது, நீரிழிவு நோயுள்ள ஒருவரின் கண், சிறுநீரகம், பாதம் ஆகியவற்றில் ஏற்படும் பாதிப்பை, அறிகுறிகள் தோன்றுவதற்கு முன்னரே கண்டறியும் சோதனை ஆகும். இரத்தச் சர்க்கரை அளவைப் பார்ப்பது இதில் அடங்காது. சர்க்கரை அளவு நோய் கட்டுக்குள் உள்ளதா என்பதைக் காட்டும். இச்சோதனைகள் நோய் இதுவரை செய்த சேதத்தைக் காட்டும். இவ்விரண்டும் ஒன்றே என்று கருதுவதால், மாதந்தோறும் தவறாமல் சர்க்கரை பார்த்துக்கொள்வோரிலும் பலர் கண்ணையோ பாதத்தையோ ஒருமுறைகூடக் காட்டியிருப்பதில்லை. மக்களை இச்சோதனைகளுக்கு வரச்செய்பவை எவை, தடுப்பவை எவை என்பது புதுச்சேரியை முன்வைத்து இங்கு விளக்கப்படுகிறது.

புதுச்சேரியின் நிலை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023 ஆம் ஆண்டில் வெளியாயின. வயது வந்தோரில் நீரிழிவு உள்ளோர் இந்திய அளவில் 11.4 விழுக்காடு; புதுச்சேரியில் 26.3 விழுக்காடு. இதைவிடச் சற்றே கூடுதலாக இருந்தது கோவா (26.4) மட்டுமே. புதுச்சேரிக்கான எண் ஒன்றியப் பகுதிக்குரியது, நகரத்துக்கு மட்டுமானதன்று. எனினும் நால்வரில் ஒருவருக்கு இந்நோய் என்பது சிறிய செய்தியன்று.

மருத்துவமனைகளுக்கு இங்குக் குறைவில்லை. பிரெஞ்சு ஆட்சியில் 1823 இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் கோரிமேட்டிலும், இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை நகரின் நடுவிலும், 2003 இல் திறக்கப்பட்ட அரவிந்த் கண் மருத்துவமனை கடலூர் சாலையில் தவளக்குப்பத்திலும் உள்ளன. ஆகவே மலைக் கிராமங்களுக்குக் கூறப்படும் 'தொலைவு' என்ற காரணத்தை இங்கு எளிதில் கூற இயலாது. பேருந்தில் சிறிது நேரத்தில் சென்றடையக்கூடிய இடத்துக்கு ஒருவர் ஏன் செல்வதில்லை என்பதே இங்கு எழும் வினா.

சோதனைகள்

விழித்திரைச் சோதனையில், சொட்டு மருந்திட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்ப்பர் அல்லது படமெடுப்பர். சிறுநீரகத்துக்கு இரு சோதனைகள் உள. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்ப்பது ஒன்று. இரத்தத்தில் கிரியேட்டினின் அளவைக் கொண்டு வடிகட்டும் திறனைக் கணிப்பது மற்றொன்று. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் ஆல்புமின் இருப்பது, மீண்டும் சோதித்தபோதும் தொடருமாயின், பாதிப்பாகக் கொள்ளப்படும். பாதச் சோதனை மிக மலிவானது. 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் அழுத்தி, நோயாளி அதை உணர்கிறாரா என்று கேட்பர். கூடவே கால் நாடியும் தோலும் பார்க்கப்படும். (உணர்விழந்த பாதத்தில் புண் எவ்வாறு உண்டாகிறது என்ற அறிவில் பெரும்பகுதி தொழுநோய் மருத்துவத்திலிருந்து வந்தது. வேலூரில் பணியாற்றிய பால் பிராண்டு இதில் முன்னோடி.)

இரண்டாம் வகை நீரிழிவில் நோய் கண்டறியப்பட்டவுடனேயே இச்சோதனைகள் தொடங்க வேண்டும். பின்னர் பொதுவாக ஆண்டுக்கொருமுறை. 'இப்போதுதானே சர்க்கரை வந்தது' என்று தள்ளிப்போடுவது தவறு. 2005 இல் வெளியான சென்னை ஆய்வொன்றில், நீரிழிவு இருப்பதே அப்போதுதான் தெரியவந்தவர்களிலும் 5.1 விழுக்காட்டினருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தது. நோய் பல ஆண்டுகள் அறியப்படாமல் உடலில் இருந்திருக்கும் என்பதே இதன் பொருள்.

வராமைக்கான காரணங்கள்

வலி இல்லை என்பதே தலையாயது. விழித்திரையில் இரத்தக் கசிவு தொடங்கிய பின்னரும் ஒருவரால் செய்தித்தாள் படிக்க இயலும். பார்வை தெளிவாயிருக்கும்போது கண் மருத்துவரிடம் செல்வது வீண்செலவாகவே தோன்றும்.

அடுத்தது ஒரு நாள் இழப்பு. கட்டணம் இல்லாவிடினும் கூலி போகும். சொட்டு மருந்திட்டபின் சில மணி நேரம் எழுத்து மங்கும், வெயில் கூசும். வண்டி ஓட்ட இயலாது. எனவே துணைக்கு ஒருவர் வேண்டும், அவருடைய கூலியும் போகும். தனித்து வாழும் முதியோருக்கும், மகனோ மருமகளோ ஒழிந்து வரும் நாளுக்காகக் காத்திருக்கும் பெண்களுக்கும் இதுவே பெருந்தடை. மீன் விற்கும் பெண்களுக்குக் காலைதான் வியாபார நேரம். புறநோயாளிச் சீட்டு பதிவதும் அதே காலையில்தான்.

அச்சமும் உண்டு. லேசர் சிகிச்சை பெரும்பாலும் இருக்கும் பார்வையைக் காக்குமேயன்றி இழந்ததை மீட்டுத் தராது. காலம் கடந்து வந்தவருக்கு லேசர் செய்தபின்னும் பார்வை குறையக்கூடும். அதைக் காணும் அண்டை வீட்டார் 'லேசர் வைத்ததால்தான் கண் போயிற்று' என்று முடிவு செய்வர். அந்த முடிவு இன்னும் பலரைக் காலம் கடத்தச் செய்யும். உண்மையில், உரிய நேரத்தில் செய்யப்படும் லேசர் கடும் பார்வையிழப்பைப் பாதிக்கும் மேலாகக் குறைக்கும் என்பது 1970களிலேயே அமெரிக்க ஆய்வில் நிறுவப்பட்டது.

திட்டு வாங்கும் கூச்சத்தையும் விட்டுவிட இயலாது. சோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்து வாயைக் கட்டி நல்ல எண்ணைக் காட்டுவோர் எல்லா ஊரிலும் உண்டு. கண்ணும் சிறுநீரும் அவ்வாறு ஏமாறுவதில்லை, அதனாலேயே சிலருக்கு அவை பிடிப்பதில்லை.

வரச்செய்பவை

உடல்நல நடத்தையை விளக்கும் 'நலநம்பிக்கை மாதிரி' 1950களில் அமெரிக்காவில் உருவானது. காசநோய்க்கான இலவச ஊடுகதிர்ப் படத்துக்கு மக்கள் ஏன் வரவில்லை என்ற கேள்வியே அதன் தோற்றுவாய். நோய் தனக்கு வரும், வந்தால் கடுமையாயிருக்கும், சோதனையால் பயன் உண்டு, தடைகள் தாங்கக்கூடியவை என்று ஒருவர் நம்ப வேண்டும்; அதன்பின் ஒரு தூண்டுதலும் வேண்டும் என்கிறது இம்மாதிரி. விழிப்புணர்வுச் சுவரொட்டிகள் முதல் மூன்றோடு நின்றுவிடுகின்றன. தடையைக் குறைப்பதும், தூண்டுவதும் மருத்துவ அமைப்பின் வேலை.

தூண்டுதலில் வலுவானது, மாத்திரை எழுதித் தரும் மருத்துவர் கூறும் ஒரு வரி. 'அடுத்த முறை வரும்போது கண் சோதனைச் சீட்டுடன் வாருங்கள்' என்பது ஊர் முழுதும் ஒட்டிய சுவரொட்டியைவிட மேலானது. சோதனைக்கு வருவோரை அதிகரிக்கும் முயற்சிகள் குறித்த 66 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மீளாய்வு (2018), இத்தகைய முயற்சிகளால் விழித்திரைச் சோதனைக்கு வருவோர் சராசரியாக 12 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடியதாகக் கூறுகிறது. இங்கிலாந்தில் நீரிழிவு நோயாளிகள் அனைவரின் பெயரும் பதிவேட்டில் இருப்பதால் அழைப்புக் கடிதம் வீட்டுக்கே வருகிறது. அந்நாட்டிலும் வேல்சிலும் உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு முதற்காரணமாயிருந்த இடத்தை, ஐம்பது ஆண்டுகளில் முதன்முறையாக, நீரிழிவு விழித்திரை நோய் இழந்துவிட்டது என 2014 இல் ஆய்வறிக்கை வெளியானது. ஆய்வாளர்கள் குறிப்பிட்ட சாத்தியமான காரணங்களுள் இச்சோதனைத் திட்டமும் ஒன்று.

தடையைக் குறைக்கும் வழி, மாத்திரை வாங்கும் இடத்திலேயே சோதனையையும் வைப்பது. குருசுக்குப்பத்திலுள்ள ஜிப்மர் நகர்ப்புற நலவாழ்வு மையம் போன்று குடியிருப்புகளுக்கு அருகிலுள்ள மையங்களுக்கு இது பொருந்தும். நைலான் இழைக்கும் சிறுநீர்ச் சோதனைக்கும் தனி மருத்துவர் தேவையில்லை. கண்ணுக்கு, பெரும்பாலோருக்குச் சொட்டு மருந்தின்றியே படமெடுக்கும் கருவிகள் உள்ளன. படத்தைக் கணினியே படித்துத் தரம் பிரிப்பதும் இயலும். கூகுள் நிறுவனத்தார் 2016 இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கான நிரலை 1,28,175 படங்களைக் கொண்டு பயிற்றினர். அப்படங்களுள் அரவிந்த், சங்கர நேத்ராலயா முதலிய இந்திய மருத்துவமனைகளின் படங்களும் இருந்தன. நிரலைவிடப் படமே இங்குச் சிக்கல் எனலாம். கண்புரை உள்ள முதியவரின் படம் மங்கலாக வந்தால் எந்த நிரலும் உதவாது; அவருக்குச் சொட்டு மருந்தே வழி.

படம் எடுத்தபின் இன்னொரு படி உண்டு. பாதிப்பு இருப்பதாகக் கூறப்பட்டவர் சிகிச்சைக்குப் பெரிய மருத்துவமனைக்குச் சென்றாக வேண்டும். அங்கு மீண்டும் சொட்டு மருந்தும், துணையாளும், ஒரு நாள் கூலியும் தேவைப்படும். வருகையை மட்டும் எண்ணும் திட்டங்களின் கணக்கில் இப்படியில் நின்றுவிடுவோர் இடம்பெறுவதில்லை.