யார் கொடியவர்? – அங்கதமும் அறிவுறுத்தலும்

கொடுஞ்செயல் ஒன்றைக் கேள்வியுற்றால் ‘மிருகத்தனம்’ என்கிறோம். புலி பசியால் வேட்டையாடுகிறது. உறங்கும் நாயின்மீது வெந்நீர் ஊற்றுவதும், பாரம் இழுக்கும் மாட்டின் வாலை முறுக்குவதும் மனிதர் செயல்களே. அவ்வாறாயின் அச்சொல் யாருக்குப் பொருந்தும்? இவ்வினாவைப் படிப்பவர் மனத்தில் எழுப்ப எழுத்தாளர் கையாளும் இரு வழிகளை இப்பாடத்தில் அறிவோம்.

முதல் வழி அங்கதம். பிறர் குறையை நகைப்புக்கு இடமாக்கிச் சுட்டுவது அங்கதம் எனப்படும். நேரடியாகப் பழிப்பது செம்பொருள் அங்கதம் என்றும், பழியை மறைத்துக் கூறுவது பழிகரப்பு அங்கதம் என்றும் தொல்காப்பியம் இதனை இருவகைப்படுத்துகிறது.

பெங்களூரு அல்சூர் ஏரியின் அருகே 2009 ஆகஸ்டு 9 அன்று திருவள்ளுவர் சிலை திறக்கப்பட்டது. அறம் உரைத்த அப்புலவர் அங்கதத்திலும் வல்லவர். ‘கயமை’ என்னும் அதிகாரத்தில் அவர் கயவரைத் தேவருக்கு ஒப்பிடுகிறார். தேவரைப் போலவே கயவரும் தாம் விரும்பியவற்றையே செய்து திரிகின்றனராம்! புகழ்வதுபோல் பழிக்கும் இது வஞ்சப்புகழ்ச்சி அணியாகும். ஜோனதன் ஸ்விப்ட் என்னும் ஆங்கில எழுத்தாளரும், 1726இல் வெளிவந்த ‘கலிவரின் பயணங்கள்’ நூலில் குதிரைகளை அறிவுடையனவாகவும் மனித வடிவினரை இழிகுணத்தினராகவும் படைத்துக் காட்டினார். படிப்பவர் முதலில் சிரிப்பார். பின்னர், ‘இது என்னையும் குறிக்குமோ?’ எனத் தயங்குவார். அத்தயக்கமே அங்கதத்தின் வெற்றி.

இரண்டாம் வழி அறிவுறுத்தல். இது காரணம் காட்டியும் மனத்தை உருக்கியும் இணங்கச் செய்வது. உண்பதற்காகக் கொல்வோர் உலகில் இல்லையெனில் ஊனை விற்போரும் இலர் என்று ‘புலால் மறுத்தல்’ அதிகாரம் காரணம் காட்டுகிறது. கன்னட நாட்டுப்புறப் பாடல் கூறும் புண்ணியகோடியின் கதையோ மனத்தை உருக்குகிறது. கன்றுக்குப் பாலூட்டி வருவதாகப் புலியிடம் சொல்லிச் சென்ற பசு, சொன்ன சொல் தவறாமல் திரும்பி வருகிறது. அதன் வாய்மையைக் கண்ட புலி, அதனைக் கொல்ல மனமின்றித் தன் உயிரையே மாய்த்துக்கொள்கிறது. புலியே மனம் மாறும்போது மனிதர் மாறலாகாதா என்னும் எண்ணம் கேட்பவருக்குத் தானே தோன்றுகிறது.

ஒரே செய்தியை இருவழியிலும் எழுதலாம். பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் இயற்றப்பட்டது. அதன் 11ஆம் பிரிவு, விலங்கை அடித்துத் துன்புறுத்தும் முதற்குற்றத்திற்கு 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை தண்டம் விதிக்கிறது.

அங்கதம்: “வாயில்லா உயிரின் வலிக்கு ஐம்பது ரூபாய் வரை விலை வைத்தோம்; நம் வள்ளன்மைதான் என்னே!”

அறிவுறுத்தல்: “தண்டம் சிறிதெனின் அச்சமும் சிறிதாகும், ஆகவே அதனை உயர்த்த வேண்டும்.”

முன்னது உறுத்துகிறது, பின்னது வழி காட்டுகிறது. உறுத்தல் மட்டும் இருப்பின் படிப்பவர் சிரித்துவிட்டு அகல்வார். அறிவுரை மட்டும் இருப்பின் சலிப்படைவார். அங்கதம் எழுதுவோர் மற்றொன்றையும் மறத்தலாகாது. நகைப்பு கொடுஞ்செயலை நோக்கியே அமைதல் வேண்டும். எளியவரை நோக்கித் திரும்பினால் அது ஏளனமாகிவிடும். ஏளனமும் ஒரு கொடுமையே.

சிந்தித்து எழுதுக

1. பழிகரப்பு அங்கதம் என்றால் என்ன?
2. புண்ணியகோடியின் கதை கேட்பவரை எவ்வாறு இணங்கச் செய்கிறது?
3. உம் தெருவில் விலங்குகள் படும் துன்பம் ஒன்றைப் பற்றி அங்கதமாக ஒரு தொடரும் அறிவுறுத்தலாக ஒரு தொடரும் எழுதுக.