தைலம் தேய்க்கும் முன்

ஐப்பசி அடைமழை நாலு நாள் சேர்ந்தாற்போல் பிடித்துக்கொண்டால் புதுச்சேரியின் நெட்டப்பாக்கம் பக்கம் வீட்டுக்கு ஒருவர் தும்மிக்கொண்டிருப்பார். எங்கள் ஆயா இருந்தவரை வாய்க்கால் கரையில் நொச்சி ஒடித்து வரும் வேலை எனக்கு. குண்டானில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது தழையை உருவிப் போடுவார். இறக்கி வைத்துப் போர்வையை மூடி, "கண்ண மூடிக்கடா, வாயத் தொறந்து இழு" என்பார். இருட்டுக்குள் அந்தக் காட்டமான பச்சை வாசனை நெற்றி வரை ஏறும். போர்வையை விலக்கும்போது முகமெல்லாம் வேர்த்து, தலை லேசாகியிருக்கும்.

இன்று புதுச்சேரி நகரத்துக் கடைகளில் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் லாவெண்டர், டீ ட்ரீ, லெமன்கிராஸ் என்று அடுக்கி, 'அரோமாதெரபி' என்று எழுதி விற்கிறார்கள். விஷயம் ஒன்றுதான். செடியில் இருக்கும், சூடு பட்டால் ஆவியாகிப் பறக்கும் எண்ணெய். ஆனால் ஒரு கைப்பிடித் தழையில் இருப்பது வேறு, வடித்து இறக்கிக் குப்பியில் அடைத்தது வேறு. வீரியம் பல மடங்கு.

பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர்

அரோமாதெரபி என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ரெனே மோரிஸ் கட்டஃபோசே என்ற பிரெஞ்சு வேதியியலாளர். 1910-இல் ஆய்வுக்கூட விபத்தில் அவர் கை வெந்துபோனது. புண் அழுகத் தொடங்கியபோது லாவெண்டர் எண்ணெய் போட்டதில் குணம் தெரிந்ததாக அவரே எழுதியிருக்கிறார். 1937-இல் அந்தச் சொல்லையே தலைப்பாக்கிப் புத்தகம் போட்டார். அப்போது நெட்டப்பாக்கமும் பிரெஞ்சுக் கொடியின் கீழ்தான் இருந்தது. இங்கே நொச்சியும் ஓமமும் அந்தப் பெயருக்காகக் காத்திருக்கவில்லை.

மூக்கு சொல்லும் பொய்

நம் மூக்கில் வாசனையைப் பிடிக்கும் ஏற்பிகள் சுமார் 400 வகை. அவை எப்படி வேலை செய்கின்றன என்பதைக் கண்டறிந்ததற்காக லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. வாசனைச் செய்தி, மூளையில் உணர்ச்சியையும் நினைவையும் ஆளும் பகுதிக்குச் சுற்றிவளைக்காமல் போய்விடுகிறது. மல்லிகை வாசனை பட்டதும் யாரோ ஒருவர் ஞாபகம் வருவது அதனால்தான். மனப் பதற்றம், தூக்கமின்மை போன்றவற்றில் நறுமண எண்ணெய்கள் ஓரளவு ஆறுதல் தருவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. மறதி நோய்க்குப் பலன் தருகிறதா என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2020-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வில் தெளிவான விடை கிடைக்கவில்லை.

மூக்கடைப்புக்குத் தைலம் தடவுகிறோமே, அதில் ஒரு வேடிக்கை உண்டு. தைலத்தில் உள்ள மெந்தால், குளிரை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. காற்று தாராளமாக உள்ளே போவதுபோல் தோன்றும். கருவி வைத்து அளந்தால் அடைப்பு அப்படியேதான் இருக்கும். தோன்றினால் போதாதா என்பீர்கள். சாதாரணச் சளிக்குப் போதும். மூச்சுத் திணறும் குழந்தைக்குப் போதாது.

கற்பூரமும் தைலமரமும்

தேங்காயெண்ணெயைச் சூடாக்கிச் சூடம் பொடித்துப் போட்டுக் கைக்குழந்தையின் நெஞ்சில் தேய்ப்பது நம் வீடுகளில் இன்னும் நடக்கிறது. பாசத்தில் செய்வதுதான், ஆனால் ஆபத்து. கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகும். வயிற்றுக்குள் போனால், சின்னக் குழந்தைக்கு மிகக் குறைந்த அளவிலேயே வலிப்பு வரும். அமெரிக்காவில் தடவும் மருந்துகளில் கற்பூரம் 11 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்று 1983-இல் வரம்பு கட்டினார்கள். வீட்டில் கண் திட்டத்தில் அள்ளிப் போடும் சூடத்துக்கு வரம்பு ஏது? இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கற்பூரம், மெந்தால் கலந்த எதுவும் வேண்டாம்.

பெரியவர்களுக்கும் விலக்கில்லை. வலிப்புடன் தென்னிந்திய மருத்துவமனைகளுக்கு வந்த 350 பெரியவர்களை ஆராய்ந்து 2021-இல் ஒரு கட்டுரை வந்தது. அவர்களில் 55 பேருக்கு வலிப்புடன் தொடர்புடையதாகத் தெரிந்தது, கற்பூரமோ தைலமர (யூகலிப்டஸ்) எண்ணெயோ கலந்த தைலம். தலைவலி என்று தினமும் தைலம் தடவும் பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு! வலிப்பு நோய் உள்ளவர்கள் அந்த டப்பாவை வீட்டிலிருந்தே அப்புறப்படுத்துவது நல்லது.

என் கணக்கு எளிது. குப்பி எண்ணெயை முகரலாம். தோலில் பூசுவதானால் கலந்து பூச வேண்டும்: 30 மில்லி தேங்காயெண்ணெய்க்கு 6 சொட்டு. அதையும் முதலில் முழங்கை மடிப்பில் துளி தடவி, ஒரு நாள் விட்டுப் பார்த்தபிறகு. குடிக்கவே கூடாது. குழந்தை தெரியாமல் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். குப்பியையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஆஸ்துமாக்காரர் வீட்டில் சாம்பிராணிப் புகையும் வேண்டாம்.

ஆவி பிடிப்பதில் நொச்சியைவிடக் குண்டான்தான் அபாயம். கொரோனா காலத்தில் ஆவி பிடிக்கப் போய் வெந்துபோன குழந்தைகள் வழக்கத்தைவிட அதிகமாக வந்ததாக இங்கிலாந்தின் பர்மிங்காம் மருத்துவர்கள் எழுதினார்கள். குண்டானைத் தரையில் சாயாதபடி வையுங்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஆவி பிடிக்காதீர்கள். சுட்டுவிட்டால் பேஸ்ட்டும் வேண்டாம், இங்க்கும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள்.

வாயுப்பிடிப்பு என்று நினைத்தது

எங்கள் தெருவில் ஒரு பெரியப்பா. கரும்பு வெட்டு முடிந்து வந்த அன்று ராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "வாயுதான், தேச்சு விடு" என்றார். பெரியம்மா தைலத்தைச் சூடு பறக்கத் தேய்த்தார். எரிச்சலில் வலி கொஞ்சம் மறந்தது. ஓமத் தண்ணீர் குடித்தார். வேர்த்துக் கொட்டியது, தைலத்தின் சூடு என்று நினைத்தார்கள். விடிந்து இ.சி.ஜி. எடுத்தபோது மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்குப்பின் வரப்பில் நூறடி நடந்தாலே நின்று மூச்சு வாங்குவார்.

மாரடைப்பில் இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டே போகும். அடைப்பைக் கரைக்கும் ஊசி முதல் ஓரிரு மணி நேரத்தில் போட்டால்தான் பெரும்பலன். கோரிமேட்டு ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவே இங்கிருந்து நேரம் பிடிக்கும். நெஞ்சு அழுத்தம், வேர்வை, இடது கைக்கோ தாடைக்கோ இழுக்கும் வலி இருந்தால் தைலத்தைத் தொடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் வெறும் மூச்சிரைப்பாகவும் வரும்.

துணை வேறு, மாற்று வேறு

மாத்திரையோடு சேர்த்துச் செய்வது துணை மருத்துவம். மாத்திரையைத் தூக்கிப்போட்டுவிட்டுச் செய்வது மாற்று. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் உயிர் போகிறது. புற்றுநோய்க்கு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய 281 பேரை, வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2018-இல் வெளிவந்தது. மாற்றை நம்பியவர்களுக்கு இறக்கும் ஆபத்து இரண்டரை மடங்கு.

துணையாக வைத்துக்கொண்டால் சண்டையே இல்லை. ஜிப்மரிலும், பாகூர் பக்கம் பிள்ளையார்குப்பத்தில் உள்ள மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியிலும் யோகா சிகிச்சைக்குத் தனிப் பிரிவே வைத்து நடத்தியிருக்கிறார்கள். மூச்சுப் பயிற்சி செய்யும் ரத்த அழுத்த நோயாளியிடம் மாத்திரையை நிறுத்து என்று யாரும் அங்கே சொல்வதில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர், "வீட்ல எதாவது போட்டீங்களா?" என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர், "ஒண்ணும் இல்ல சார்" என்பார்கள். திட்டுவாரோ என்ற பயம். நெஞ்சில் தேய்த்த தைலத்தின் வாசனை அறை முழுக்க அடித்துக்கொண்டிருக்கும். கஷாயமோ, லேகியமோ, கண்ணாடிக் குப்பியோ, அடுத்த முறை மாத்திரைச் சீட்டோடு அதையும் பையில் போட்டு எடுத்துப்போய் மேசைமேல் வையுங்கள்.