பாரிசில் பூமி சுழல்வதைக் காணலாம்

பாரிசில் இரண்டு நாள் தங்குவோர் ஈஃபெல் கோபுரத்தைத் தவறவிடுவதில்லை. அதில் பொறிக்கப்பட்ட 72 பெயர்களுள் ஒன்று ஃபூக்கோ. அவரது சோதனையைக் காணப் பாந்தியன் மண்டபத்துக்குச் செல்ல வேண்டும். என்னைக் கேட்டால், கோபுரத்தைவிட இதுவே முதலில் பார்க்க வேண்டியது.

1851-இல் அதன் குவிமாடத்திலிருந்து 67 மீட்டர் நீளக் கம்பியில் 28 கிலோகிராம் குண்டு ஒன்றை அவர் ஊசலாட விட்டார். இன்று ஆடுவது அதன் நகல். ஓர் அலைவுக்குச் சுமார் 16 விநாடி. நுழைந்ததும் ஊசல் ஆடும் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். நிலவறையில் மேரி கியூரியின் கல்லறையைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள். திசை 11 பாகைக்குச் சற்று மேல் திரும்பியிருக்கும்! ஊசலைப் பக்கவாட்டில் திருப்ப யாரும் அதைத் தொடவில்லை. அப்படியானால் திரும்பியது எது? நாம் நிற்கும் தரைதான்.

பூமி ஒருமுறை சுழல ஏறக்குறைய 24 மணி நேரம். பாரிஸ் ஊசலுக்கோ ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 32 மணி நேரம். ஏன்? பூமியின் சுழற்சியில், அவ்விடத்துச் செங்குத்துக் கோட்டைப் பற்றிய பகுதி மட்டுமே ஊசலில் தெரியும். அது அகலாங்கின் சைன் மதிப்பைப் பொறுத்தது. துருவத்தில் முழுமையாகத் தெரியும். நிலநடுக்கோட்டில் ஊசல் திரும்பவே திரும்பாது.

ஃபூக்கோவின் பழைய குண்டு ஒன்று, அதே நகரின் கலை-தொழில் அருங்காட்சியகத்தில் 2010-இல் கம்பி அறுந்து விழுந்து சேதமடைந்தது.