ஓவர்செட் ஆனதும் அப்செட் ஆனதும்

போன இதழ்ல ஒரு ஜூனியர் எழுதின கதை பாதியில நின்ன மாதிரி இருந்ததா? கதைக்கு முடிவு இருந்தது. லேஅவுட் பண்ணின நான்தான் கடைசி நாலு வரியைத் தொலைச்சேன். இன்டிசைனில் அந்தப் பத்தியின் பெட்டி ஓரத்தில் சின்னதா ஒரு சிவப்பு பிளஸ் குறி வந்தது. "ஓவர்செட் டெக்ஸ்ட்" என்றும் காட்டியது. அர்த்தம் புரியல, கண்டுக்காம விட்டுட்டேன்.

அப்புறம்தான் அந்த வார்த்தையைத் தேடிப் பார்த்தேன். உங்களுக்கும் சொல்றேன்.

ஓவர்செட் என்பது பழைய ஆங்கில வினைச்சொல். கவிழ்வது, கவிழ்ப்பது என்று பொருள். படகுக்கும் குதிரை வண்டிக்கும் அதைத்தான் சொல்வாங்க. 1782-ல் இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட் பகுதியில், பழுது பார்க்க ஒரு பக்கமா சாய்த்து வைத்திருந்த 'ராயல் ஜார்ஜ்' போர்க்கப்பல் தண்ணீர் புகுந்து மூழ்கியது. 800 பேருக்கு மேல் இறந்தாங்க. அதைப் பற்றி எழுதிய கவிஞர் வில்லியம் கூப்பர், கப்பல் கவிழ்ந்ததைச் சொல்ல இந்த வார்த்தையைத்தான் பயன்படுத்தினார். மனசு நிலைகுலைந்தாலும் அதே வார்த்தைதான்.

அந்த இடத்தில் இப்போ நாம சொல்றது 'அப்செட்'. ஆனா ஆரம்பத்தில் அதன் பொருள் நேர் எதிர்: தூக்கி நிறுத்துவது! 19-ஆம் நூற்றாண்டில்தான் ஓவர்செட்டின் வேலையை அது எடுத்துக்கிட்டது. பழைய பொருளின் மிச்சம் இன்னும் ஏல அறிவிப்புகளில் இருக்கு. அங்கே 'அப்செட் பிரைஸ்' என்றால் ஏலத்துக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச விலை. அதில் யாரும் வருத்தப்படல.

சரி, என் சிவப்பு பிளஸ்? அது அச்சுத் தொழிலின் ஓவர்செட். எழுத்து கோப்பதை ஆங்கிலத்தில் 'செட்' பண்றதுன்னு சொல்வாங்க. இருக்கிற இடத்தை விட அதிகமா கோத்தா, அது ஓவர்செட். இங்கே 'ஓவர்' என்றால் கவிழ்வது இல்லை, மிஞ்சுவது. ஈயத்தில் எழுத்து கோத்த காலத்தில் மிஞ்சினது மேஜை மேல கண்ணுக்குத் தெரியும். திரையில் அது பெட்டிக்குப் பின்னால ஒளிஞ்சுக்கும்.

அதனால, அடுத்து லேஅவுட் பண்ணப் போற தம்பி தங்கைகளே, சிவப்பு பிளஸ் தெரிஞ்சா பெட்டியைப் பெருசாக்குங்க. இடமே இல்லன்னா எழுதினவங்களைக் கேட்டுட்டு வெட்டுங்க. நான் கேட்கல. "முடிவுக்காகத்தான் அண்ணா அந்தக் கதையையே எழுதினேன்"னு அந்தப் பொண்ணு சொன்னப்போ பதில் வரல.

அந்தக் கதை இந்த இதழில் முழுசா வந்திருக்கு. கடைசி நாலு வரியைக் கண்டிப்பா படிங்க.