எதிரே எவரும் வராத பாதை

"மாஸ்ரர், நீங்கள் சொன்னால் கேட்பான். அந்த மோட்டார் சைக்கிளை வித்துப்போடச் சொல்லுங்கோ" என்று ஒரு தந்தை எம்மிடம் வந்தார். சூஸ்ரன் கணவாயின் வளைவொன்றில் அவருடைய மகன் விழுந்து, தோளெலும்பு முறிந்து, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியிருந்த வாரம் அது. ஒரு காலத்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எம்மிடம் பயின்ற பிள்ளை. இன்று 26 வயது இளைஞர்.

சுவிற்சர்லாந்தில் எம்மவர் பிள்ளைகள் பலர் பெரிய மோட்டார் சைக்கிள்களை வைத்திருக்கின்றனர். பெற்றோரோ அவ்வண்டியைப் பற்றி ஒன்றே ஒன்றைத்தான் அறிவர்: அது ஆளைக் கொல்லும். நாமும் அந்த அறிவோடுதான் பிள்ளையைக் காணச் சென்றோம். தொண்ணூறுகளின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது, காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு உதைத்து, பின் மண்ணெண்ணெயில் ஓடிய ஹொண்டா 50 தான் எமது அனுபவம். புகை வந்ததேயன்றி வேகம் வந்ததில்லை.

புத்தி சொல்லப் போன எமக்கு அன்று பாடம் நடந்தது. "சேர், வேகத்தாலை மட்டும் நான் விழேல்லை. ரேஸ் ஓடுற மாதிரி றோட்டிலை ஓடினதாலைதான் விழுந்தனான்" என்றார் அவர்.

பந்தய வீரர்களைப் பார்த்துப் பழகிய ஓட்டம் அவருடையது. வளைவுக்குள் உடலை வெளியே சரித்து, தலையை நிலத்தை நோக்கித் தாழ்த்தி ஓடுவது. இந்நாட்டில் நாம் வலப்புறமாகச் செல்பவர்கள். இடப்புற வளைவில் வண்டி சரியும்போது சக்கரங்கள் இரண்டும் தமது பாதிக்குள் இருந்தாலும், சரிந்த ஓட்டுநரின் தலையும் தோளும் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பாதைக்குள் நீண்டு நிற்கும். (எமது ஊரில் இடப்புறமாக ஓடுவதால், அங்கே வலப்புற வளைவில் இதே ஆபத்து.) அன்று எதிரே வந்தது ஒரு பேருந்து. பதறிப் பிறேக் பிடித்தார், வண்டி நிமிர்ந்தது, நிமிர்ந்த வண்டி வளையாமல் நேரே சென்று வீதியோரக் கற்களில் மோதியது. பள்ளத்தாக்கு அவ்விடத்தில் இருக்கவில்லை என்பது அவருடைய தாயின் விரதங்களின் பலன் போலும்.

"பந்தயப் பாதையிலை எதிரிலை ஒருத்தரும் வாறேல்லை, சேர். அதுதான் வித்தியாசம். ஒருநாள் என்னோடை வாங்கோ, காட்டுறன்."

தோள் குணமாகிப் பத்து மாதங்களின் பின் சென்றோம். சென்றது பிரான்சுக்கு. அல்சாஸ் பகுதியில், கொல்மார் நகருக்குத் தெற்கே, 'அனோ டு ரேன்' எனும் சுற்றுப்பாதை இருக்கின்றது. சுவிஸ் இளைஞர் இங்கும் ஜேர்மனியின் ஹொக்கன்ஹைமுக்கும் செல்வதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1955 யூன் 11 இல் பிரான்சின் லு மான் கார்ப் பந்தயத்தில் ஒரு கார் பார்வையாளர் கூட்டத்துள் சிதறிப் பாய்ந்து 80 பேருக்கு மேல் மாண்டனர். அதன் விளைவாக, 1958 ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் பார்வையாளருடனான சுற்றுப்பாதைப் பந்தயங்களைச் சுவிற்சர்லாந்தில் தடைசெய்தது. அதற்கு முன் பேர்ன் நகரின் பிறெம்கார்ட்டன் காட்டு வீதிகளிலே உலகப் பந்தயங்கள் நடந்தன. மரங்களுக்கிடையே ஓடிய அப்பாதையில் 1948 யூலை 1 இல், ஒரே நாளில், பயிற்சியின்போது மோட்டார் சைக்கிள் வீரர் ஒமொபோனோ தென்னியும் கார் வீரர் அக்கில்லே வார்சியும் உயிரிழந்தனர். வீதியைப் பந்தயப் பாதையாக்கினால் என்ன நேரும் என்பதை பேர்ன் நகரம் அன்றே கண்டுவிட்டது.

எனினும் இச்சிறு நாடு வீரர்களைத் தராமல் விடவில்லை. லூயிஜி தவேரி 1962, 1964, 1966 ஆம் ஆண்டுகளில் 125 சிசி உலகச் சம்பியன். ஸ்ரெஃபான் டோர்ஃப்ளிங்கர் 1982 முதல் 1985 வரை நான்கு பட்டங்கள் வென்றார். தொம் லூதி 2005 இல் வென்றார். டோர்ஃப்ளிங்கரும் லூதியும் தம் பட்டத்துக்குரிய பந்தயங்களில் ஒன்றையேனும் தாய்மண்ணில் ஓடியதில்லை! 2025 யூலை 1 முதல் தடை நீங்கிவிட்டது. அனுமதிப்பது இனி மாநிலங்களின் பொறுப்பு. சட்டம் தளர்ந்த மறுநாளே பாதை முளைத்துவிடாது. எனவே எல்லை கடந்த பயணம் தொடர்கின்றது.

அங்கே கண்டது எமக்கு வியப்பாக இருந்தது. முதல் வேலையாகப் பிள்ளை பின்பார்வைக் கண்ணாடிகளைக் கழற்றினார். பின்னால் வருபவனைப் பார்க்க வேண்டியதில்லை, முந்துபவனே பொறுப்பாளி. விழுந்தால் கண்ணாடிச் சில்லுகள் பாதையில் சிதறக்கூடாது என்பதற்காக விளக்குகளுக்கு ஒட்டுநாடா. அனுபவத்துக்கேற்பக் குழு பிரித்தனர். முதற் சுற்றுகளை ஆசிரியர் முன்னே ஓட, மாணவர் வாத்துக் குஞ்சுகள்போல் பின்தொடர்ந்தனர். மஞ்சட் கொடி ஆட்டினால் முன்னே ஆபத்து, முந்தக்கூடாது. சிவப்பென்றால் ஓட்டம் நிறுத்தம். வளைவுகளுக்கு வெளியே தடுப்புச் சுவரில்லை, அகன்ற வெளி. எமது கண்முன்னே ஒருவர் விழுந்து, உருண்டு, எழுந்து, தலைக்கவசத்தைத் தட்டிக்கொண்டு நடந்துவந்தார். அதே விழுகை சூஸ்ரனில் என்றால் நாம் மலர்வளையம் வாங்கியிருப்போம்.

ஓட்டக் கோடும் வேறு. சுற்றுப்பாதையில் முழு அகலமும் ஓட்டுநருக்கே சொந்தம்: வெளிவிளிம்பில் தொடங்கி, உள்விளிம்பைத் தொட்டு, மீண்டும் வெளிவிளிம்புக்கு. வளைவு விரிய விரிய வேகம் கூடும். வீதியிலோ அரை அகலமே எமது. அங்கே கோட்டைத் தெரிவது வேகத்துக்காக அல்ல, பார்வைக்காக. காத்திருந்து, வளைவின் முடிவு கண்ணுக்குத் தெரிந்த பின்னரே உள்ளே திரும்ப வேண்டும். பந்தயப் பாதையின் வளைவை ஒரே நாளில் ஐம்பது தடவை சந்திக்கலாம். ஐம்பதாவது தடவையும் அது அப்படியே இருக்கும். கணவாயின் வளைவோ காலையில் பனியுருகிய நீர், மதியம் மாட்டுச்சாணம், மாலையில் உழவு இயந்திரம் கொட்டிய மண் என்று ஒரே நாளில் மூன்று வேடம் போடும். வெடிப்புகளை அடைத்த தார்க்கீற்றுகள் மழையில் சவர்க்காரம்போல் வழுக்கும். ரயரும் அப்படியே. பந்தய ரயர் சூடேறினாற்றான் பிடிக்கும். குளிர்ந்த மலைவீதியில் அதற்கு அச்சூடு ஏறுவதேயில்லை.

வேகக் கணக்கைப் பழைய ஆசிரியப் புத்தியோடு போட்டுப் பார்த்தோம். 80 கிலோமீற்றர் வேகத்தில், ஆபத்தைக் கண்டு கை அசையும் அந்த ஒரு வினாடியில் 22 மீற்றர் கடந்துவிடும். உலர்ந்த வீதியில் முழுப் பலத்துடன் பிறேக் பிடித்து நிற்க மேலும் ஏறத்தாழ 32 மீற்றர். 140 என்றால் 39 உம் 98 உம். மொத்தம் 137 மீற்றர்! சூஸ்ரனில் அவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியும் வளைவு எத்தனை? 80 வீதியில் 140 ஐத் தொட்டாலே இந்நாட்டுச் சட்டத்தில் அவர் 'ராசர்'. நான்காண்டு வரை சிறை, வண்டி பறிமுதலாகவும் கூடும். குடியுரிமைக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் பிள்ளைகள் இதை மறக்கலாகாது.

சுற்றுப்பாதை ஆபத்தற்றது என்று நாம் எழுதினால் அது பொய். 2021 மேயில், இத்தாலியின் முஜெல்லோ பாதையில் 19 வயதுச் சுவிஸ் வீரர் ஜேசன் டுபாஸ்கியே விழுந்தபோது, பின்னால் வந்த வண்டி மோதி உயிரிழந்தார். அங்கே ஆபத்து எதிரேயன்றிப் பின்னாலிருந்து வரும். காப்புறுதி விடயமும் உண்டு. பந்தயத்திலோ சுற்றுப்பாதை வேக ஓட்டத்திலோ காயமுற்றால், வேலைத்தலத்து விபத்துக் காப்புறுதி மருத்துவச் செலவைத் தரும். சம்பளத்துக்கு ஈடான பணத்தைப் பாதியாகக் குறைக்கலாம். வீதிப் பாதுகாப்புப் பயிற்சி வகுப்புகள் இதில் அடங்கா. பதிவு செய்யுமுன் எந்த வகை என எழுத்தில் கேட்டுப் பெறுதல் நன்று.

மாலை ஐந்து மணி. வியர்வையில் தோய்ந்த தோலாடையுடன் வந்து அமர்ந்த பிள்ளையின் முகத்தில், பரீட்சை முடிந்த மாணவனின் களைப்பும் நிறைவும் இருந்தன. "இதுக்குப் பிறகு றோட்டிலை வேகமா ஓட மனமே வராது, சேர்" என்றார். எல்லோருக்கும் அப்படியாகுமா? அருகிலிருந்த வேறிருவர் இதற்கு மாறாக, திரும்பும் வழியில் எந்த வீதியில் பறக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்ததையும் எமது காது கேட்டது.

அப்போது தொலைபேசி ஒலித்தது. தந்தை.

"மாஸ்ரர், என்ன மாதிரி? விக்கச் சம்மதிச்சிட்டானோ?"

"இல்லை அண்ணை. கண்ணாடியைத் திரும்பப் பூட்டிக்கொண்டிருக்கிறார்."

மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை. பின், "எந்தக் கண்ணாடி?" என்று கேட்டார்.