ஆறு எழுத்து தொண்ணூறாகும் விந்தை

முகவரி பிழைத்தால் கடிதம் வழிதவறும் என்பது யாவரும் அறிந்த உண்மை. வெள்ளவத்தையில் வாழ்வோருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. காலி வீதியிலிருந்து கடலை நோக்கிச் செல்லும் ஒழுங்கைகளிலே ‘15/2’ போன்ற இலக்கங்களைத் தாங்கிய வீடுகள் பல உள. நடுவிலுள்ள சாய்கோடு அங்கே ஓர் உட்பிரிவைக் குறிப்பதென்பது தபாற்காரருக்குத் தெரியும். அதே சாய்கோட்டை இணையத்தின் முகவரியொன்றில் இட்டாலோ அதன் பொருள் மாறிவிடுகின்றது. அங்கே அது ஒரு பகுதியை மறு பகுதியிலிருந்து பிரிக்கும் வேலி. வீட்டிலக்கம் என்று நாம் கருதியதைக் கணினி இரண்டாகப் பிளந்துவிடும்.

நாம் நாள்தோறும் கைப்பேசியில் அனுப்பும் ‘இணைப்பு’ எனப்படுவது உண்மையில் ஒரு முகவரியே. அதிலே சில குறிகளுக்குத் தனித் தொழில் உண்டு. ‘?’ வந்தால் அதன் பின் வினா தொடங்குகின்றது. ‘&’ வந்தால் ஒரு விவரம் முடிந்து மற்றொன்று தொடங்குகின்றது. ‘#’ வந்தால் பக்கத்தினுள் ஓரிடம் சுட்டப்படுகின்றது. ‘அருள் & சகோதரர்’ என்னும் கடைப்பெயரை அப்படியே இணைப்பினுள் வைத்தால் யாது நிகழும்? மறுமுனையிலுள்ள கணினி ‘அருள்’ என்பதோடு பெயரை முடித்துக்கொள்ளும். சகோதரர் வேறொரு விவரமாகிவிடுவார்! இது நகைப்புக்குரியது மாத்திரமன்று, ஆபத்துமாகும். தீய எண்ணமுடைய ஒருவர் பெயரெழுதும் கட்டத்தினுள் வேண்டுமென்றே ‘&’ குறியை இட்டு, தாம் விரும்பிய வேறொரு விவரத்தையும் உள்ளே நுழைத்துவிடலாம்.

நூற்றுவீதக் குறியின் பணி

இதற்குக் கண்ட பரிகாரமே நூற்றுவீதக் குறியாக்கம். 2005ஆம் ஆண்டு சனவரியில், வலையின் தந்தையாகிய டிம் பேர்ணர்ஸ்-லீயும் வேறிருவரும் எழுதி வெளியிட்ட இணைய முகவரி விதிகளிலே இது தெளிவாக வகுக்கப்பட்டுள்ளது. அவ்விதிகளின்படி, எவ்விடத்தும் தடையின்றி எழுதத்தக்க குறிகள் 66 மாத்திரமே. அவை ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்துகள் 52; இலக்கங்கள் 10; சிறுகோடு, புள்ளி, அடிக்கோடு, அலைக்கோடு ஆகிய நான்கு. பிறவற்றுள் தனித் தொழிலுடைய குறிகள் அத்தொழிலுக்கு மட்டுமே வரலாம். விவரத்தின் உள்ளே வரும்போது அவையும், எஞ்சிய யாவும், ‘%’ குறியும் அதனைத் தொடரும் இரண்டு பதினறும இலக்கங்களுமாக உருமாற வேண்டும். பதினறும முறை என்பது பத்துக்குப் பதிலாகப் பதினாறை அடியாகக் கொண்டு எண்ணுவது. வெற்றிடத்தின் எண் 32, அது பதினறும முறையில் 20, ஆகவே ‘%20’. ‘&’ குறியின் எண் 38; ஆகவே ‘%26’. இவ்வாறு போர்வை போர்த்திச் சென்ற குறியைக் கணினி வேலியெனக் கொள்ளாது.

தமிழின் நிலை யாது?

தமிழ் எழுத்துகள் அந்த 66இல் இல்லை. ஆயினும் அவற்றுக்கும் வழி உண்டு. ஒருங்குறியிலே ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் ஓர் எண் உளது. கென் தொம்சன், ரொப் பைக் என்னும் அறிஞரிருவர் 1992ஆம் ஆண்டில் வகுத்த ‘யூரிஎப்-8’ முறையில் அவ்வெண் மூன்று பைற்றுகளாகின்றது. ‘அ’ என்பது 224, 174, 133 என்னும் மூன்று எண்களாகும். ஒவ்வொரு பைற்றும் இணைப்பினுள் மூன்று குறிகளாக எழுதப்படுவதால் ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது குறிகள் வேண்டும்.

நமது ‘வெள்ளவத்தை’யையே எடுத்துக்கொள்வோம். இலக்கணப்படி எண்ணினால் எழுத்து ஆறு. ஒருங்குறியோ வகரத்தையும் கொம்பையும் தனித்தனியே எண்ணும். ளகரத்தையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணும். எனவே பத்துக் குறிகள்; முப்பது பைற்றுகள்; இணைப்பிலே தொண்ணூறு குறிகள்!

இந்நீளத்தைக் கண்டு அஞ்சுவோர், தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதிவிடுகின்றனர். அங்கேதான் நட்டம் நேர்கின்றது. வலி, வளி, வழி மூன்றும் ஒரே உருவாகிவிடும். பள்ளியைத் தேடும் மாணவன் பல்லியைக் கண்டெடுப்பான். தொண்ணூறு குறிகள் கண்ணுக்கு அழகில்லாதிருக்கலாம். ஆனால் அவற்றிலிருந்து ‘வெள்ளவத்தை’ ஓர் எழுத்தும் பிசகாமல் மீண்டு வரும். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளமும் தம் பக்கங்களுக்குத் தமிழ்த் தலைப்புகளையே இணைப்புகளாகக் கொண்டுள்ளன. ஈழத்து நூலொன்றின் இணைப்பைப் படியெடுத்து நண்பருக்கு அனுப்புகையில் நூற்றுவீதக் குறிகள் வரிசையாகத் தோன்றினால் வியப்புற வேண்டாம். அவற்றில் ஒன்றையேனும் வெட்டுதல் கூடாது. ஒன்று குறைந்தாலும் நூல் அகப்படாது.

தமிழுக்கேயுரிய சிக்கல் மற்றொன்றும் உண்டு. ‘கொழும்பு’, ‘கொட்டாஞ்சேனை’ என்பவற்றின் முதலெழுத்தைக் கணினியில் இரு விதமாக அமைக்கலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக இடலாம்; இரண்டையும் தனித்தனியேயும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இணைப்பிலோ ‘கொழும்பு’ முதல் முறையில் 72 குறிகள். மறு முறையில் 81. கணினிக்கு அவை இரு வேறு ஊர்கள். ஆதலால் குறியாக்கத்துக்கு முன் யாவற்றையும் ஒரே நியம வடிவுக்குக் கொணர்தல் வேண்டும்.

மாணவர் கவனத்துக்கு

இணையப் பக்கம் அமைக்கப் பயிலும் மாணவர் மூன்று விதிகளை மனத்திருத்துவாராக.

முதலாவது, இணைப்பு முழுவதையும் ஒருங்கே மாற்றாது, உள்ளே இடும் ஒவ்வொரு விவரத்தையும் தனித்தனியே மாற்றுக. ஜாவாஸ்கிரிப்ற் மொழியிலே இதற்கு இரு கருவிகள் உள. முழு இணைப்புக்குரியது ‘&’, ‘?’, ‘/’ ஆகியவற்றைத் தொடாது விட்டுவிடும்; பகுதிக்குரியது அவற்றையும் மாற்றும். விவரத்துக்கு வேண்டியது பிந்தியதே. பைதன் மொழியின் கருவியோ, நாம் தனியே சொன்னாலன்றிச் சாய்கோட்டை மாற்றாது. ‘15/2’ அங்கே பிளவுபடும்.

இரண்டாவது, ஒருமுறை மாத்திரமே மாற்றுக. ‘%’ குறிக்கும் ஓர் உருமாற்றம் உண்டு, அது ‘%25’. ஆகவே மாற்றியதை மீண்டும் மாற்றினால் ‘%20’ என்பது ‘%2520’ ஆகிவிடும். பெறுபவர் திரையில் வெற்றிடத்துக்குப் பதிலாகக் குறிகளே தோன்றும்.

மூன்றாவது, தளத்தின் பெயருக்கு இம்முறையைக் கையாளற்க. 2010ஆம் ஆண்டிலே ‘.இலங்கை’ என்னும் தமிழ் முடிபு இணையத்தில் இடம்பெற்றது. அத்தகைய பெயர்களுக்குப் ‘பியூனிகோட்’ என்னும் வேறொரு முறை உண்டு.

கருவி செம்மையாகவே இருக்கின்றது. கையாள்பவரின் கவனமே வேண்டப்படுவது. பெயரைச் சுருக்காமலும் சிதைக்காமலும் சேர்ப்பிப்பது அஞ்சலின் அறமாயின், இணைப்பை ஆக்குவோருக்கும் அவ்வறமே பொருந்தும். நம் பிள்ளைகள் தங்கள் ஊரின் பெயரைத் தமிழிலேயே எழுதி, அது பழுதின்றிச் சென்று சேருமென்று நம்பியிருக்க, இச்சிறு பயிற்சி அவர்களுக்குப் பெரிதும் உதவும்.