சிறுநீர்ப்பை வலிக்கு உடலிலேயே ஒரு கடிவாளம்

சிறுநீர்ப்பை நிரம்ப நிரம்ப அடிவயிற்றில் வலி கூடும். போய்விட்டு வந்தால் சற்றே ஆறுதல். சிறிது நேரத்தில் மறுபடியும் அதே வேதனை. யூரின் டெஸ்டில் கிருமி இருக்காது, ஆன்டிபயாடிக்கும் கேட்காது. ‘இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைடிஸ்’ என்னும் நாள்பட்ட சிறுநீர்ப்பை வலியோடு வாழ்பவர்கள் படும் பாடு இது. பாதிக்கப்படுபவர்களில் பெண்களே அதிகம். பஸ் பயணம், கல்யாண வீடு, இரவுத் தூக்கம் எதுவும் நிம்மதியாக இருக்காது. முழுமையாகக் குணப்படுத்தும் மருந்தும் இல்லை.

அதனால்தான், கஞ்சாவின் பொருள்கள் உடலில் ஒட்டிக்கொள்ளும் ‘கன்னாபினாய்ட் ஏற்பிகள்’ பற்றிய ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. கஞ்சாவில் போதை தரும் டிஎச்சியை 1964-ல் ரஃபேல் மெச்சூலமும் யெஹியேல் கவோனியும் இஸ்ரேலில் பிரித்தெடுத்தார்கள். அது உடலில் போய்ச் சேரும் ஏற்பிகள் 1980-களின் இறுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் துலங்கின. மூளையிலும் நரம்புகளிலும் நிறைந்திருப்பது சிபி1. போதைக்குக் காரணம் அதுதான். நோய் எதிர்ப்பு செல்களில் அதிகம் இருப்பது சிபி2. அதைத் தூண்டினால் அழற்சி தணியும், போதை ஏறாது. சிறுநீர்ப்பையில் இரண்டுமே இருக்கின்றன. இவற்றைத் தூண்டும் அனந்தமைட் போன்ற பொருள்களை நம் உடலே உருவாக்கிக்கொள்கிறது.

சிபி2-வைத் தூண்டினால் சிறுநீர்ப்பை அழற்சி தணியுமா என்பதை அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் வெளியான ஆய்வில் எலிகளிடம் சோதித்தார்கள். சைக்ளோஃபாஸ்ஃபமைட் என்ற புற்றுநோய் மருந்து உடலில் சிதையும்போது உண்டாகும் அக்ரோலின், சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கக்கூடியது. அதையே எலிகளின் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தினார்கள். சிபி2-வை மட்டும் தூண்டும் ‘ஜிபி1ஏ’ கொடுக்கப்பட்ட எலிகளுக்கு அழற்சியும் வலியுணர்வும் குறைந்தன. சிபி2-வை அடைக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. நிவாரணம் சிபி2 வழியாக வந்தது என்பதற்கு இது வலுவான சான்று.

மனிதர்களிடமும் ஒரு தடயம் உண்டு. பிரிட்டனில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2006-ல் வெளியானது. அடக்க முடியாமல் சிறுநீர் கசிவது கஞ்சாச் சாறு எடுத்தவர்களிடம் 38 சதவீதமும், வெற்று மாத்திரை எடுத்தவர்களிடம் 18 சதவீதமும் குறைந்திருந்தது. ஆனால் அது நரம்பு நோயால் வந்த கசிவு; சிறுநீர்ப்பை வலிக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது.

இதைப் படித்துவிட்டு யாரும் கஞ்சாவைத் தேடிப் போக வேண்டாம். அது சிபி1-ஐயும் தூண்டி மூளையைத் தாக்கும். இந்தியாவில் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. இப்போது தேவை, சிபி2-வை மட்டும் குறிவைக்கும் மருந்துகளை மனிதர்களிடம் முறையாகச் சோதிப்பது. அதுவரை, வலி தொடர்ந்தால் சிறுநீரியல் (யூராலஜி) நிபுணரைப் பாருங்கள். ரிப்போர்ட் நார்மலாக வந்தது என்பதற்காக, வலியே இல்லை என்று எந்த மருத்துவரும் நோயாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது.